பென்ஷனில் வந்த போன்

சார்ஜ் கால்வாசி இருப்பதாகக் காட்டிக்கொண்டே என் போன் பொசுக்கென்று அணைந்துவிடும். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் மேலதிகாரி போடும் உத்தரவைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றுவதா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுவதா என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த யோசனையெல்லாம் மற்றவர்களுக்குக் கடையோடு முடிந்துவிடும். எனக்கு அப்படி இல்லை. எனக்குப் போன் பிரான்சிலிருந்து வருவது வழக்கம்.

அக்காவை பிரான்ஸ் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தோம். மாமா இறந்த பிறகும் அவள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஆனி மாதம் எங்கள் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவுக்கு வருவாள். வந்ததும் கைப்பையிலிருந்து ஒரு போனை எடுத்து, "நான் வேற மாத்திட்டேன்டா தம்பி, இது சும்மா கெடந்துச்சு, வச்சுக்க" என்பாள். கீறல்கூட இருக்காது. அக்கா பொருளைப் பதவிசாக வைத்திருப்பவள் என்று நானும் என் மனைவியும் மெச்சிக்கொள்வோம்.

இந்த வருடமும் ஆனி பிறக்கும் முன்பே மனைவி சொல்லிவிட்டாள். "ஏங்க, அண்ணிதான் வர்றாங்கல்ல. அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவசரம் ஒன்றுமில்லைதான். வெட்டி கௌரவம்தான். ஒருநாள் அலுவலகத்தில் ஒரு முக்கியமான அழைப்பின் நடுவே போன் அணைந்தது. பக்கத்து மேசைக்காரர் சத்தமாகச் சொன்னார். "சாரோட போனு பிரான்ஸ்ல சர்வீஸ முடிச்சுட்டு, பென்ஷன் வாங்கிக்கிட்டு காரைக்கால் வந்திருக்கு. அத போயி வேல வாங்குறீங்களே."

அறையே சிரித்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில், அவர்கள் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர் தெருவுக்கு ஒருவராவது இருப்பார், அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. அக்காளுக்குச் சீர் செய்ய வேண்டிய தம்பி, அவள் கழித்துப் போட்டதைக் கையேந்தி வாங்குகிறானே என்று என் காதில் நானே ஓதிக்கொண்டேன். அன்று மாலையே கடைக்குப் போய், அவள் கொடுத்த போனை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன்.

வாங்கியதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். வீடியோ அழைப்பில் அக்காவைக் கூப்பிட்டேன். வழக்கம்போல அவள் முகம் பனிமூட்டத்தில் நிற்பதுபோல மங்கலாகத் தெரிந்தது. "மொதல்ல அந்தக் கேமராவத் துணியால தொடை" என்று வழக்கமாகத் திட்டுவதைத் திட்டிவிட்டு, விஷயத்துக்கு வந்தேன்.

"அக்கா, இந்தத் தடவ பழைய போனெல்லாம் தூக்கிக்கிட்டு வராத. நான் புதுசாவே வாங்கிட்டேன். எத்தன நாளைக்குத்தான் நீ யூஸ் பண்ணதையே நான் யூஸ் பண்றது?"

திரையில் அந்த மங்கல் முகம் ஒருமுறை விலகித் திரும்பி வந்தது.

"சரிடா தம்பி. நல்லதுதான்," என்றாள்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன் இப்புடிப் பேசுறீங்க" என்றாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவள் மீதும் எரிந்து விழுந்தேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் அக்கா வந்தாள். சாக்லேட், சென்ட், மனைவிக்கு ஒரு கைப்பை. போன் இல்லை. என் புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாருக்குடா" என்றாள். எனக்கு ஏதோ ஜெயித்துவிட்டதுபோல இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

மறுநாள் பிச்சாண்டவர் எங்கள் தெருவுக்கு வரும்போது நாங்கள் மாடியில் நின்றோம். சாமி கடக்கும்போது மாடிகளிலிருந்து மாம்பழத்தை வீசுவார்கள், கீழே நிற்பவர்கள் ஏந்திக்கொள்வார்கள். அக்காவுக்கு வேண்டுதல். பழக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ரவிக்கைக்குள்ளிருந்து தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நான் எறியிறத இதுலயே வீடியோ எடு தம்பி. அங்க வேல பாக்குறவளுவகிட்ட காட்டணும்."

வாங்கிப் பார்த்தேன். மூலையிலிருந்து மூலைவரை கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பின்பக்கம் கழன்று விடாமலிருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். கேமராவின் கண்ணாடியே இரண்டாகப் பிளந்திருந்தது. எந்தத் துணியால் துடைத்தாலும் வீடியோ அழைப்பில் அந்த முகம் தெளிந்திருக்காது.

"என்னக்கா இது? எப்ப வாங்குனது?"

"ஒங்க மாமா வாங்கிக் குடுத்தது. அவுரு போனப்பறம் மாத்த மனசு வரல," என்றாள், பழங்களைத் துடைத்துக்கொண்டே.

மாமா இறந்த அடுத்த வருடம்தான் அவளிடமிருந்து எனக்கு முதல் போன் வந்தது.

"அப்ப எனக்குக் குடுத்ததெல்லாம்?"

"கடையில வாங்குனதுதான். பெட்டியோட எடுத்தாந்தா ஏர்போர்ட்ல நிறுத்தி வரி கட்டுன்னுவான். பெட்டியத் தூக்கி எறிஞ்சிட்டு, சிம்மப் போட்டு, பழைய கவர மாட்டி கையில வச்சுக்கிட்டு வர்றதுதானே எல்லாரும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். பிரான்சிலிருந்து வருகிற எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கொண்டுவருவார்கள் என்று தெருவுக்கே தெரியும். என் அக்கா விஷயத்தில் மட்டும் அது எனக்குத் தோன்றவே இல்லை.

"அத எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"புதுசுன்னா நீ வாங்கியிருப்பியா? அக்கா காசுல புதுசு வாங்குறதுக்கு ரோஷப்படுவ. பழசுன்னாதான் கைய நீட்டுவ." கீழே மேளச் சத்தம் நெருங்கியது. "இந்த வருசமும் வாங்கி வச்சிருந்தேன். நீ வேணாம்னதும் கடையிலேயே திருப்பிக் குடுத்துட்டேன்."

"அத நீயாவது வச்சுக்கக் கூடாதா?"

"எனக்கு எதுக்குடா? உன் மூஞ்சி இதுலயே தெரியுது."

சாமி வந்துவிட்டது. அக்கா எறிய ஆரம்பித்தாள். நான் அவள் போனில் எடுத்தேன். திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாதி வானம்தான் பதிவானது. கூடை காலியானதும், நின்ற இடத்திலேயே என் புதுப் போனிலிருந்து சிம்மைக் கழற்றப் பார்த்தேன். அதற்கு வேண்டிய ஊசி இல்லை. மனைவியின் தாலிச்சரட்டிலிருந்து சேஃப்டி பின்னை வாங்கிக் குத்தி எடுத்தேன். போனை அக்காவின் கையில் வைத்தேன்.

"நீ வச்சுக்க. எனக்கு உன்னோடத குடு."

அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மாம்பழப் பால் பிசுபிசுத்த கையால் என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள்.

"ஏன்டா, நீ யூஸ் பண்ணதையா அக்காளுக்குக் குடுக்குற?"

கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். விளையாட்டாகத்தான் கேட்டாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.