கப்பல் பலகைக்கு வந்த கூட்டம்

எங்கள் தீவின் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தருகே, எங்கள் டீக்கடைப் பலகையில், மெயின்லேண்ட் கப்பல் வரும் நாளை என் வீட்டுக்காரர் தமிழில் எழுதிவைப்பார். படிக்க வருகிறவர்கள் டீ குடிக்கமாட்டார்கள். அந்தக் கூட்டத்துக்காக ஜவுளிக்கடைக்காரர் பக்கத்திலேயே தன் விளம்பரத்தை மாட்டி வாடகை தந்தார். எங்களுக்கு அரிசி அதில்தான்.

ஒருநாள் வீட்டுக்காரர் காய்ச்சலில் கிடந்தபோது ஜவுளிக்கடைக்காரர் வந்தார்.

“என்னம்மா, தமிழ் ஆளுங்க மட்டுந்தான் நிக்கிறாங்க. பெங்காலிக்காரன் எட்டிக்கூடப் பாக்கல. விளம்பரத்தைக் கழட்டிடவா?”

வெளி ஆண்களிடம் நான் பேசியதே இல்லை. சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்தே, கப்பல் நாளை வரும் என்று பலகையில் இருந்ததை, எல்லோருக்கும் புரியும் இந்தியில் ரோட்டைப் பார்த்துக் கத்தினேன்.

“ஜஹாஜ் கல் ஆயேகா!”

“கல்? பக்கா?” என்று, நாளைக்குத்தானா, நிச்சயமா எனக் கேட்டபடி பெங்காலிக்காரர்கள் கடைமுன் குவிந்துவிட்டார்கள்.

ஜவுளிக்காரர் சிரித்தார். “விளம்பரம் இருக்கட்டும். ஆனா தினமும் நீதான் கத்தணும்.”

அரிசி தப்பியது. மறுநாள் கத்துவதற்காக, அன்றிரவே திரையோடு இன்னொரு சாக்கையும் சேர்த்துத் தைத்தேன்.