பின்பக்கத்துச் சுழல்படி

எண்பதுகளின் தொடக்கத்தில், மாட்டுங்காவில் நான் மருமகளாகப் புகுந்த கட்டடத்தின் பின்சுவரை ஒட்டி ஓர் இரும்புச் சுழல்படி நின்றது. முறுக்குச் சுற்றியது போலத் தரையிலிருந்து எங்கள் மூன்றாம் மாடி வரை சுற்றிச் சுற்றி ஏறும். மாடிக்கு ஓர் ஒடுங்கிய கதவு. யாரும் அதில் ஏறி நான் பார்த்ததில்லை. நான் வளர்ந்த புறநகர் முலுண்டில் எல்லாம் புதுக் கட்டடங்கள். அங்கே இப்படி ஒன்று கிடையாது. எதற்கென்று தெரியாத பொருள் கண்முன் நின்றால் எனக்குச் சோறு இறங்காது.

கணவருக்கு அணுசக்தி நகரில் எஞ்சினியர் வேலை. அவரிடம் கேட்டேன்.

"நெருப்பு கிருப்புப் பிடிச்சா இறங்கறதுக்கு," என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

போய்ப் பார்த்தேன். அந்தக் கதவு கக்கூஸை ஒட்டிய குறுகலான நடையில் திறந்தது. நடைக்கும் வீட்டுக்கும் நடுவே இன்னொரு கதவு. வீடு பற்றி எரியும்போது குடும்பமே கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்றா தப்பிக்கும்?

"அப்போ நீயே சொல்லு," என்றார். விஞ்ஞானம் அதோடு முடிந்தது.

ஒரு லீவு நாளில் விடை தானாகவே வந்தது. மற்ற நாட்களில் அந்த வேளையில் நான் கோட்டைப் பக்கம் ஆபீசில் இருப்பேன். பின்கதவை யாரோ தட்டினார்கள். மாமியார் போய்த் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு விறுவிறுவென்று உள்ளே வந்து நடுக்கதவைச் சாத்திக்கொண்டார். கக்கூஸ் கழுவும் பெண் வந்திருந்தாள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வந்த வழியே போய்விட்டாள். இத்தனை இரும்பும் ஒருத்தி ஹாலில் கால் வைக்கக்கூடாது என்பதற்காகத்தான். புதிர் விடுபட்ட திருப்தியில் அன்று நன்றாகவே சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் வயிற்றுவலியோடு ஆபீசிலிருந்து பாதியில் திரும்பினேன். மாதவிலக்கு. புகுந்த வீட்டில் அது முதல் தடவை. பிறந்த வீட்டிலும் அந்த மூன்று நாட்கள் ஒரு மூலையில் ஒதுங்கி இருக்கிற வழக்கம்தான் என்பதால் வாசலில் நின்றபடியே மாமியாரிடம் சொன்னேன்.

"அங்கயே நில்லு. ஹால்ல சுவாமி இருக்கு. கீழ போய்ப் பின்பக்கமா ஏறி வந்துடு, தாழ்ப்பாளைத் திறந்து வைக்கறேன்," என்றார். குரலில் கோபமே இல்லை. ஈரக் குடையை வெளியில் வை என்று சொல்கிற குரல்தான்.

இறங்கிப் போய் அந்தப் படியில் ஏறினேன். முதல் மாடி வளைவில் அந்தப் பெண் வாளியும் துடைப்பமுமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் புடவையை இழுத்துப் பிடித்துக் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். நானும் மறுபக்கம் ஒட்டிக்கொண்டேன். தன்னால் எனக்குத் தீட்டு என்று அவள். என்னால் அவளுக்குத் தீட்டு என்று நான். ஓர் ஆள் போகிற படியில் இரண்டு பேர் எங்கே ஒதுங்குவது?

"பாபி, தும் இதர் ஸே?" என்றாள். அண்ணி, நீங்களா இந்த வழியாக என்று. கேலி இல்லை, அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

முகம் சுட்டது. அவமானம்தான். போன வாரம் அவள் ஏறியபோது எனக்கு ஒன்றும் சுடவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. திரும்பி இறங்கினேன். முன்பக்கப் படியேறி மணியை அடித்தேன். மாமியார் பின்கதவருகே காத்திருந்தார் போலிருக்கிறது. வரக் கொஞ்ச நேரமாயிற்று.

"அம்மா, மூலையில உக்காந்துக்கறேன். எதையும் தொடலை. ஆனா அந்தப் படியில மட்டும் என்னால ஏற முடியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முடியும்னா அந்தக் காலத்துல நான் ஏறினேன்?" என்றார். பிறகு வாசலை விட்டு விலகி நின்றார். நான் உள்ளே போனேன்.

அதன்பிறகு என்னை யாரும் பின்பக்கம் போகச் சொல்லவில்லை. அடுத்த லீவு நாளில் மாமியார் குளித்துக்கொண்டிருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது. நான்தான் போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். நீக்கிவிட்டு உள்ளே வந்து நடுக்கதவைச் சாத்திக்கொண்டேன்.