டெக்சாஸ் மெஷினுக்கு ஆயுத பூஜை

ஜெயலக்ஷ்மி பதினெட்டு வருஷம் டெலக்ஸ் ஆப்பரேட்டராக இருந்தவள். அடையாறில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனி. டெலக்ஸ் என்றால் இங்கே அடிப்பது வெளியூர் மெஷினில் அச்சாகும்; எதிர்முனையில் இருக்கும் மெஷின் முதலில் தன் பெயரைச் சொல்லும். அதைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் செய்தியை அடிக்க வேண்டும். ஹாம்பர்க், ஒசாகா, மிலான் என்று ஊர் ஊராக அவள் விரல் போய் வந்திருக்கிறது. அவள் போனது மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே மட்டும்தான். ஃபேக்ஸ் வந்து டெலக்ஸை விழுங்கியபோது கம்பெனி ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கடிகாரம் மூன்றாம் மாதமே நின்றுவிட்டது.

வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். கணவர் சுப்பராமன் வாங்கி வந்த ஒரு பத்திரிகையோடு கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற சாஃப்ட்வேரின் சிடி ஒன்று ஓசியில் வந்தது. உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் கூடி எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்று சும்மா விட்டுவிட்ட சமாச்சாரம் அது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. மற்றவர்கள் அதைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். ஜெயலக்ஷ்மிக்கோ பிறந்த வீட்டு வாசலில் கால் வைத்த மாதிரி இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டு, என்ன வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்த இன்னொரு மெஷின், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதில் அவள் தி.நகர் உஸ்மான் ரோட்டில், முத்துலட்சுமி பட்டு மாளிகையின் மூன்றாவது மாடியில் வேலை பார்த்தாள். முதலாளி வைரவன் தெற்கிலிருந்து வந்து கடை வைத்தவர். கடையின் பெயர் அவர் மனைவியின் பெயர். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிற நம்மவர்கள் கம்ப்யூட்டரில் புடவை பார்த்து ஆர்டர் கொடுக்கிறார்களாமே என்று யாரோ சொல்ல, அவருக்கும் ஆசை வந்துவிட்டது. புடவைப் படங்களை வைக்க இரவு பகலாக ஓடும் மெஷின் வேண்டும். நம் ஊர்க் கரண்டை நம்பி அதை இங்கே வைக்க முடியாது. அமெரிக்காவில் டெக்சாஸில் ஒரு கம்பெனியிடம் மாத வாடகைக்கு மெஷின் எடுத்து, அதில் லினக்ஸ் போட்டு, டெலிபோன் லைன் வழியாக இங்கிருந்தே ஆட்டி வைத்தாள் ஜெயலக்ஷ்மி.

இது முதலாளியின் மருமகன் ஆனந்தகுமாருக்குப் பொறுக்கவில்லை. அக்கா பிள்ளை, பெரிய கம்பெனி சாஃப்ட்வேருக்கு ஏஜென்ட். ஓசியில் வருவதை நம்பிக் கடையை நடத்தலாமா என்று வாரம் ஒருமுறை வந்து மாமாவின் காதைக் கடித்துவிட்டுப் போவான்.

வைரவனுக்கு இரண்டு பக்க வாதமும் புரியாது. புரிந்தது ஒன்றே ஒன்று. மெஷின் கடைசியாக எப்போது நின்றது, எத்தனை நாளாக ஓடுகிறது என்று கேட்டால் லினக்ஸ் ஓர் எண்ணைச் சொல்லும். தினமும் காலையில் மாடியேறி வந்து, "என்ன ஜெயாம்மா, இன்னைக்கு எத்தன நாளு?" என்பார். அவள் சொல்லும் எண்ணைக் கல்லாவுக்குப் பின்னால் தொங்கும் தேதிக் காலண்டரில் சிவப்பு மையில் எழுதிவைப்பார். நூறு தொட்ட அன்று கடை முழுக்க மைசூர்பாகு. ஆனந்தகுமார் எவ்வளவு பேசினாலும் அந்தச் சிவப்பு எண்ணை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜெயலக்ஷ்மியின் உத்தியோகமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆயுத பூஜை திங்கட்கிழமை வந்தது. அன்றைய எண் இருநூற்று மூன்று.

ராகு காலம் கழிந்ததும் பூஜைக்கு எல்லாம் கூடத்தில் அடுக்கப்பட்டன. மீட்டர் கோல், கத்தரிக்கோல், பில் மெஷின், தராசு. மூன்றாவது மாடியிலிருந்து கீபோர்டும் மோடமும் வர இருந்தன. முத்துலட்சுமி அம்மாள் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். பூஜையில் வைத்த எதுவும் மறுநாள் விஜயதசமி வரை ஓடக் கூடாது, தொடவும் கூடாது. அது அந்தக் கடையில் மீற முடியாத சட்டம்.

ஜெயலக்ஷ்மி மாடியில் தன் கம்ப்யூட்டரை நிறுத்தப் போனாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இருநூற்று மூன்று நாளாக ஒரு நிமிஷம் ஓயாமல் நமக்கு உழைத்தது டெக்சாஸ் மெஷின். வாடகை மெஷின் என்றால் அதற்குப் பூஜை கிடையாதா? அதன் பெயரை ஒரு தாளில் எழுதிக் கீபோர்டோடு சேர்த்துப் பூஜையில் வைக்கலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கிற கருவிக்குக் கற்பூரம் காட்டுவது அவள் மனசுக்கு ஒப்பவில்லை. அங்கே நடுநிசி, யாரும் புடவை பார்க்க மாட்டார்கள். மெஷின் கூடத்தில் இல்லாததால் மறுநாள் வரை நிறுத்த வேண்டியதில்லை. அரை மணி நிறுத்திவிட்டு, தீபாராதனை முடிந்ததும் எழுப்பிவிடலாம். எண் போய்விடுமே என்று ஒரு கணம் தோன்றியது. சாமிக்கு முன்னால் எண் என்ன பெரிய எண் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ‘ஹால்ட்’ என்று ஆங்கிலத்தில் நாலெழுத்து அடித்துத் தட்டினாள்.

இணைப்பு அறுந்தது. அதே கையோடு தன் மேஜைக் கம்ப்யூட்டரையும் நிறுத்தினாள். நாளைக்கு இதை எப்படி எழுப்புவாள்? முன்னால் இருக்கும் பொத்தானை அமுக்குவாள்.

அப்போதுதான் உறைத்தது. டெக்சாஸில் பொத்தானை யார் அமுக்குவார்கள்?

விரல்களின் பழக்கம் செய்த வேலை. கீபோர்டும் மோடமும் நாளை வரை பூஜையில் இருக்கும் என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. தூங்குகிற மெஷினுக்கு இங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது. இன்னொன்றும் உறைத்தது. அமெரிக்காவில் நடுநிசி என்றால் சிங்கப்பூரில் பகல் ஒரு மணி. ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் புடவை பார்க்கிறவர்கள்தான் கடைக்குப் பாதி ஆர்டர். தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை.

கீழே தீபாராதனை நடந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள், சாமி கண்ணில் படவில்லை. கீபோர்டின் மேல் சந்தனப் பொட்டு, மோடத்தின் மேல் பொரி, அடியில் டெக்சாஸ் மெஷினின் பெயர் எழுதிய தாள். அவற்றை எடுத்து டெக்சாஸ் கம்பெனிக்கு எழுத வேண்டுமானால் ஏன் என்று ஊருக்கே சொல்ல வேண்டும். சொல்லத் தைரியமில்லை. கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று முத்துலட்சுமி அம்மாளிடம் பொய் சொல்லிவிட்டு, வாடகைப் பத்திரத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கினாள்.

ரங்கநாதன் தெரு முனையில் கபாலி என்பவரின் டெலிபோன் பூத். டெக்சாஸுக்குப் போட்டாள். ஆபீஸ் காலை எட்டு மணிக்குத் திறக்கும், அவசரமானால் ஈமெயில் அனுப்பவும் என்று பதிவு செய்த குரல் சொன்னது. அவர்கள் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஆறரை. பாண்டி பஜாரில் நான்கு பிரவுசிங் சென்டர் ஏறி இறங்கினாள். நான்கிலும் கம்ப்யூட்டருக்கெல்லாம் மாலை போட்டு, துணி போர்த்திப் பூஜை. தன்னைப் போலவே ஊரே இருப்பதைப் பார்த்து அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. திரும்பவும் கபாலியிடம் வந்து நின்றாள்.

"இன்னா மேடம், இன்னிக்கு எவன் கம்ப்யூட்டர தொறப்பான்?" என்றார் அவர். "சைதாப்பேட்டை ஸ்டேசனாண்ட வஹீத் பாய் கடை கீது. அங்க போய்ப் பாரு."

மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன். அப்துல் வஹீத் கடை திறந்திருந்தது. ஆறு கம்ப்யூட்டரில் ஒன்றுக்கு மட்டும் குங்குமம் வைத்து ஓரமாக ஒதுக்கியிருந்தார்.

"வேல செய்ற பொண்ணு ஆசப்பட்டுச்சு, ஒண்ணு வெச்சிக்கமான்னேன்" என்றார். "நீங்க அஞ்சாவதுல குந்துங்க. இன்னா இப்பிடி வேர்த்துக் கொட்டுது? தண்ணி குடிங்க மொதல்ல."

கடையின் ஈமெயிலும் அதே தூங்கும் மெஷினில்தான் இருந்தது. புதிதாக ஓர் இலவச ஈமெயில் முகவரி எடுத்து, பத்திரத்தில் இருந்த வாடிக்கையாளர் எண்ணையும் ரகசியச் சொல்லையும் போட்டு, மெஷினை நானே நிறுத்திவிட்டேன், தயவுசெய்து பொத்தானை அமுக்கவும் என்று எழுதினாள். டெலக்ஸ் பழக்கத்தில் கடைசியில் ஒரு கூட்டல் குறியும் ஒரு கேள்விக்குறியும் போட்டாள். நான் முடித்துவிட்டேன், உன் பதில் என்ன என்று அதற்கு அர்த்தம். டெக்சாஸ்காரனுக்குத் தெரியுமோ என்னவோ.

அரை மணி கழித்துப் பதில் வந்தது. இரவு வேலைக்காரன் ஒருவன். ‘அமுக்கிவிட்டேன், ஓடுகிறது.’ கடையின் முகவரியை அடித்துப் பார்த்தாள். முதல் பக்கத்து அரக்குப் புடவை மேலிருந்து மெதுவாக இறங்கியது. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வஹீத் பாய் காசு வாங்க மறுத்தார். பூஜை நாள் என்றார்.

கடைக்குத் திரும்பியபோது கல்லாவுக்கு அருகே வைரவனும் ஆனந்தகுமாரும் நின்றார்கள். சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிட்டது.

"பாத்தீங்களா மாமா? ரெண்டு மணி நேரம் ஒரு படம் வரல. ஓசி மெஷின் இப்படித்தான் திடீர்னு மண்டையப் போடும்னு அப்பவே சொன்னேன்ல?"

வைரவன் அவள் பக்கம் திரும்பினார். "நின்னுபோச்சாம்ல ஜெயாம்மா?"

சொல்ல எத்தனையோ இருந்தது. அமெரிக்காவில் கரண்ட் போச்சு என்று சொல்லலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் எண் பொய் சொல்லாது, நாளைக்கு அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். பழி யார்மேலாவது விழத்தான் வேண்டும். இருநூற்று மூன்று நாள் ஓடிய ஒன்றின் மேல் விழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அது நிக்கல சார். நான்தான் நிறுத்தினேன். பூஜைக்காக. திரும்பி எழுப்ப அங்க ஆள் வேணும்கறது எனக்குத் தோணல. கோவிலுக்குன்னு சொல்லிட்டுப் போனதும் பொய். சைதாப்பேட்டை போய் ஈமெயில் அனுப்பி எழுப்ப வெச்சேன்."

ஆனந்தகுமார் சிரித்தான். வைரவன் சிரிக்கவில்லை. "காலைல வாங்க" என்று மட்டும் சொன்னார்.

"ஏன்னா, வேலை போயிடுமோ?" என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள். "போனாப் போறது. உண்மையச் சொல்லிட்டு வந்திருக்கே, சாதத்தப் போட்டுண்டு சாப்பிடு" என்றார் சுப்பராமன். அவளுக்கு இறங்கவில்லை.

விஜயதசமி காலையில் அந்தக் கடையில் ஒரு வழக்கம். முதலாளியே பூஜையிலிருந்து கருவிகளை எடுத்து, அவரவர் கையில் கொடுப்பார். அவர் கொடுத்தால் அடுத்த வருஷம் வரை அந்த வேலை உனக்கு. கொடுக்காமல் விட்டால், சொல்லாமலே கணக்குத் தீர்ந்தது என்று அர்த்தம். ரவிக்கைத் துணி வெட்டும் வேலம்மாவுக்குக் கத்தரிக்கோல் போயிற்று. சேல்ஸ்மேன்களுக்கு மீட்டர் கோல். ஜெயலக்ஷ்மி வரிசையில் கடைசியில் நின்றாள். வாழையிலையில் அவளுடைய கீபோர்டு மட்டும் மிச்சம். பக்கத்தில் ஆனந்தகுமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வைரவன் கீபோர்டை எடுக்கவில்லை. கல்லாவுக்குப் போய் சிவப்புப் பேனாவை எடுத்துவந்தார்.

"இன்னைக்கு எத்தன நாளு?"

"நாள் ஆகல சார்." மனசுக்குள் கணக்குப் போட்டாள். "இருபது மணி நேரம்."

வைரவன் காலண்டரில் இருபது மணி என்று எழுதினார். "நேத்து நீங்க வாயத் தொறக்கலேன்னா, மெஷினு கெட்டுப்போச்சுன்னு நம்பி இவன் சாஃப்ட்வேர வாங்க இன்னைக்கு நான் செக்கு கொடுத்திருப்பேன்" என்றார். ஆனந்தகுமாரின் கட்டிய கை அவிழ்ந்தது. "அந்தப் பொத்தான அமுக்குனானே டெக்சாஸ் பய, பேரென்ன? அவனும் நம்ம கடை ஆளுதான். அவன் அட்ரஸ வாங்குங்க, தீபாவளிக்கு வேட்டி அனுப்பணும்."

குனிந்து, சந்தனப் பொட்டு அழியாத கீபோர்டை இரண்டு கையாலும் எடுத்து அவளிடம் நீட்டினார்.