பத்து விநாடியில் மூழ்குகிற பஞ்சு

1987 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோழபுரத்துக் கிணற்றிலிருந்து என் நான்கு வயது மகனைத் தூக்கி வந்து மேட்டில் கிடத்தினார்கள். உதடு நீலமாகி இருந்தது. மூச்சு இல்லை.

இந்தக் கதை உங்களுக்குத் தெரியும். பாதிதான் தெரியும். கர்த்தர் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார் என்கிற பாதியை இதே சபையில் பல தடவை சொல்லி அழுதிருக்கிறேன். மற்றப் பாதியை ஒன்பது வருஷமாக விழுங்கி வைத்திருந்தேன். இன்று சொல்கிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஏன் இன்று என்றால், நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை இந்த லீவுக்கு மெட்ராஸுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே தண்ணீர் விளையாட்டுப் பூங்கா வந்திருக்கிறதாம். போன வாரம் ஆராதனை முடிந்ததும் பெண்கள் கூடி நின்று, பிள்ளைகள் கையில் மாட்டுகிற காற்றுப் பைகளை ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிறம், மேலே வாத்துப் படம். "இத மாட்டி விட்டா நாம நிம்மதியா ஒக்காந்துக்கிடலாம்க்கா" என்றாள் ஒருத்தி. அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சு செய்கிற கம்பெனியில் பரிசோதனை மேசை. கொட்டை நீக்கி, சலவை செய்து, வெள்ளையாக வருகிற பஞ்சில் கொஞ்சம் எடுத்து சின்னக் கம்பிக் கூண்டில் வைத்து, தண்ணீர்ப் பாத்திரத்தில் விடுவேன். கையில் கடிகாரம். பத்து விநாடிக்குள் மூழ்கினால் நல்ல பஞ்சு. மிதந்தால் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவேன். ரத்தத்தைக் குடிக்க வேண்டிய பஞ்சு அல்லவா, மிதக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போன காலத்திலிருந்தே எனக்கு இதுதான் வேலை.

என் வீட்டுக்காரர் தங்கராஜுக்கும் பஞ்சுதான் பிழைப்பு. ஆனால் அவருடையது இலவம் பஞ்சு. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெத்தைக் கடை. தலையில் புருவத்தில் எல்லாம் பஞ்சோடுதான் வீட்டுக்கு வருவார். "ஒரு வீட்டுக்கு ரெண்டு பஞ்சு, தீப்பெட்டிய மட்டும் உள்ள கொண்டாந்துராதீங்க" என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் பெரிய லீவுக்கு, சோழபுரத்தில் விவசாயம் பார்க்கிற அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அங்கே பிள்ளைகள் காலையில் கிணற்றில் குதித்தால் மதியச் சோற்றுக்குத்தான் ஏறுவார்கள். எங்கள் சாமுவேலுக்கும் நீச்சல் பழக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. மற்றப் பிள்ளைகளுக்குச் சுரைக்குடுக்கை கட்டி விடுவார்கள். இவருக்கு அதில் திருப்தி இல்லை. கயிறு அவிழ்ந்தால் குடுக்கை ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் என்பார். அதனால் மெத்தைத் துணியில் பிள்ளை அளவுக்குக் கையில்லாத சட்டை ஒன்று தைத்து, முன்னும் பின்னும் இலவம் பஞ்சைத் திணித்தார். முதுகுப் பக்கம் நான்கு முடிச்சு. தைத்ததோடு விடவில்லை. எங்கள் வீட்டுத் தொட்டியில் அந்தச் சட்டையோடு அம்மிக் குழவியைக் கட்டிப் போட்டார். காலையில் போட்டது, சாயங்காலம் வரை குழவி மிதந்தது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

சட்டை காய்ந்த பிறகு சாமுவேலுக்குப் போட்டுப் பார்த்தேன். தையல் வழியாக இலவம் தூசு வந்து அவனுக்கு ஓயாத தும்மல். கழுத்தெல்லாம் அரிப்பு. சனிக்கிழமை அவர் கடைக்குப் போன பிறகு நான் பக்கத் தையலைப் பிரித்தேன். இலவம் பஞ்சை உருவி ஒரு தலையணை உறைக்குள் போட்டேன். கம்பெனியில் கழிவு என்று கொடுத்த வெள்ளைப் பஞ்சு வீட்டில் இருந்தது. பூ மாதிரி இருக்கும். அதை நிறையத் திணித்து மறுபடி தைத்துவிட்டேன். புண்ணுக்கு வைக்கிற பஞ்சு, பிள்ளை உடம்புக்கு இதமாக இருக்கும் என்று எனக்குப் பெருமை வேறு. அவரிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

நீங்கள் கேட்பீர்கள், தினமும் மூழ்குகிறதா என்று பார்க்கிறவளுக்கு இது கூடவா தெரியாது என்று. நானும் ஒன்பது வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கம்பெனியில் அது பரிசோதனை. வீட்டில் அது வெறும் பஞ்சு.

மறுநாள் ஆராதனைக்குப் போகாமல் சோழபுரம் போனோம். அதனால்தான் இப்படி நடந்தது என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அதனால் இல்லை. என்னால்.

கிணற்றில் அவர் சாமுவேலோடு இறங்கினார். சட்டை அழகாக மிதந்தது. பஞ்சுக்குள் இருந்த காற்று தாங்கியது என்று இப்போது தெரிகிறது. பிள்ளை கையைக் காலை அடித்துச் சிரித்தான். "யம்மா, நான் மெதக்கேன் பாரு" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். நான் மேலே மரத்தடியில் சோற்றுப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். மோட்டார் போட அண்ணன் கூப்பிட்டார். "ஏலே, செத்த நேரம் தம்பியப் பாத்துக்கோங்க, வந்திருதேன்" என்று அண்ணன் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அவர் படியேறினார். குழவியையே பகல் முழுக்கத் தாங்கிய சட்டை அல்லவா.

நான் இலை போட்டு முடிக்கவில்லை. "சித்தி, சாமுவேலக் காணோம்" என்று ஒரு சத்தம்.

அவர் மோட்டார் அறையிலிருந்து ஓடி வந்த வேகத்தில் அப்படியே குதித்தார். மூன்றாவது தடவை முங்கியபோதுதான் பிள்ளை கையில் அகப்பட்டான். மேட்டில் கிடத்தி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தால், நனைந்த நாடா இறுகிக்கொண்டது. கல்லைக் கட்டியது போலச் சட்டை பிள்ளையின் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. பெரியத்தான், அதுதான் அவருடைய அண்ணன், அரிவாளால் அறுத்து அதை வீசினார். சொத்தென்று விழுந்தது. அறுத்த வாயில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையைப் பார்க்கிறதா பஞ்சைப் பார்க்கிறதா என்று நின்ற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் வீட்டுக்காரர் பிள்ளையின் வாயில் வாய் வைத்து ஊதினார். நெஞ்சை அமுக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு விக்கல் வந்தது, தண்ணீரும் நுரையுமாக. அந்த வழியாகப் பருத்தி மூட்டை ஏற்றி வந்த லாரியில் ராஜபாளையம் போனோம். அங்கே முதல் உதவி செய்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாள் அவன் கண் திறக்கவில்லை. நெஞ்சு முழுக்கச் சளி, நெருப்பாகக் காய்ச்சல். பிழைத்தாலும் எப்படி இருப்பான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இரண்டாம் நாள் பெரியத்தான் வார்டில் எல்லோர் முன்னாலும் கத்தினார். "மெத்தையத் தச்சுப் புள்ளைக்கு மாட்டி கெணத்துல போட்டுட்டியேலே. நாங்க கட்டுன குடுக்கையில ஒரு புள்ள செத்துருக்கா?" என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து நின்றார். "நான் தச்சதுதாம்ணே" என்றார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் வார்த்தை வரவில்லை. கண்ணை மூடினால் கம்பிக் கூண்டும் கடிகாரமும்தான். கடைசியில் பேரம் பேசினேன். ஆண்டவரே, இவன் கண்ணைத் திறந்தால் அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். புதன்கிழமை பகல் இரண்டு மணிக்கு நர்ஸ் ஊசி போட்டபோது சாமுவேல் முகத்தைச் சுளித்தான். கண்ணைத் திறந்தான். வார்டே அழுதது.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. மறுநாளும் இல்லை. கர்த்தர் தன் பங்கைச் செய்துவிட்டார், நான் ஏமாற்றிவிட்டேன். பிள்ளை வீட்டுக்கு வந்தான், ஆனால் பேச்சு போயிருந்தது. அம்மா என்று சொல்ல எட்டு மாதம் ஆயிற்று. இன்றும் அவன் ஒரு வார்த்தையைத் தேடி எடுத்துத்தான் பேசுவான், உங்களுக்கே தெரியும். அவன் திக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு ஊசி இறங்கும்.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலையில் கடைக்கு டிபன் கொண்டு போனேன். தொட்டிலுக்குச் சின்ன மெத்தை கேட்டு ஒரு அம்மா வந்திருந்தார். "கொழந்தைகளுக்கு நான் தைக்கிறதில்லம்மா, வேற கடை பாருங்க" என்றார் இவர். எத்தனை நாளாக இப்படி என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டேன். அந்தக் கிணற்றுக்குப் பிறகு இப்படித்தான் என்றார்.

பஞ்சுக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தும்மல், தையல், வெள்ளைப் பஞ்சு, பேரம், எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்ட்டி" என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"மறுநா காலையிலேயே துணி எடுக்க சோழபுரம் போனேம்லா. சட்டை மேட்டுலயே கெடந்துச்சு. பிழிஞ்சு பாத்தேன். எம்புட்டுத் தண்ணி! இலவம் பஞ்சு தண்ணி குடிக்காது, எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா எல்லாரும் ஏசுனத வாங்கிக்கிட்டு நின்னீங்க?"

"அப்பச் சொல்லிருந்தா நீயும் அதே கெணத்துக்குத்தான் போயிருப்ப. அதான் ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கு ஜெபம் பண்ணுனேன். புள்ளையக் குடுங்க, இவளையும் வச்சுக் குடுங்கன்னு. அப்புறம் ஒண்ணு. சட்டைய நம்பி புள்ள மேல இருந்து கண்ண எடுத்தவன் நானு. அது ஒங்கணக்கு இல்ல."

அங்கேயே நான் அழுத அழுகையை அந்தப் பஞ்சுதான் குடித்தது. இலவம் பஞ்சு குடிக்காதுதான், இருந்தாலும் சொல்கிறேன். மூன்று நாள் என் வாயிலிருந்து ஒரு நல்ல ஜெபமும் வரவில்லை, பேரம்தான் வந்தது. அதையும் நான் காப்பாற்றவில்லை. ஆனாலும் மகன் இருக்கிறான். அதே கட்டிலின் மறுபக்கம் ஒருத்தர் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார், அதனால் நானும் இருக்கிறேன். அந்த வாரமே பெரியத்தானிடம் போய் நான் செய்ததைச் சொன்னேன். அவர் தம்பி கையைப் பிடித்துக்கொண்டார். தொட்டில் மெத்தையும் இப்போது என் வீட்டுக்காரர் கடையில் தைக்கிறார்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். அந்த வாத்துப் படக் காற்றுப் பையை முதலில் வீட்டுத் தொட்டியில் கல்லைக் கட்டிப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு மாட்டுகிற அன்றைக்கு மறுபடியும் பாருங்கள். யாராவது கை வைத்தார்களா என்று கேளுங்கள். மாட்டிய பிறகும் கை எட்டுகிற தூரத்தில் நீங்களே தண்ணீருக்குள் நில்லுங்கள். ஜெபம் பண்ணுங்கள், ஆனால் அந்த நேரம் கண்ணைத் திறந்தே பண்ணுங்கள். என்னைப் போல ஏதாவது ஒன்றை நெஞ்சுக்குள் திணித்துத் தைத்து வைத்திருந்தால், இன்றைக்கே பிரித்து ஆண்டவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது முன்னமே தெரியும்.

மெட்ராஸ் போகிற பிள்ளைகள் பட்டியலில் நேற்று சாமுவேல் பெயரையும் கொடுத்தேன். பதின்மூன்று வயதாகிறது, அந்த நாளிலிருந்து இடுப்பளவு தண்ணீரில்கூட அவன் இறங்கியதில்லை. போகிறாயா என்று கேட்டேன். ரொம்ப நேரம் வார்த்தையைத் தேடினான். "அப்பாவும் எறங்குனா" என்றான். என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நானும் இறங்குகிறேன்.