சுருட்டோடு அச்சான பொங்கல் வாழ்த்து

அச்சகக்காரர் நீட்டிய மாதிரி அட்டையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். நான் வரைந்த அம்மா சிரிக்கவில்லை. கவிழ்த்து வைத்த வள்ளத்தில் சாய்ந்திருந்து, வாயில் சுருட்டோடு, கிழிந்த வலையைப் பொத்துகிற அம்மாவைத்தான் வரைந்திருந்தேன். என் ஓவியங்களைப் பொங்கல் வாழ்த்து அட்டைகளாக்கி விற்க முடிவெடுத்தபோது, கொக்குவிலில் இருந்த அந்த அச்சகத்துக்கு முதலில் கொண்டுபோனது அந்தப் படத்தைத்தான்.

"சுருட்டு எங்கை?" என்று கேட்டேன்.

"கொம்பியூட்டரிலை எடுத்துவிட்டனான், ரீச்சர். பொம்பிளை சுருட்டுப் பத்துற படத்தை ஆர் பொங்கலுக்கு அனுப்புவினம்? வடிவா ஒரு சிரிப்பும் வைச்சிருக்கிறன்."

கெட்ட மனிதர் இல்லை. எனக்கு நட்டம் வந்துவிடக்கூடாது என்றுதான் செய்திருந்தார். ஆனாலும் அந்த வழுவழுப்பான வாயை விரலால் மறைத்துப் பார்த்தேன். அது வேறு யாரோ ஒருத்தியின் வாய்.

"நான் கீறினபடியே அடியுங்கோ."

"விக்காட்டி என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

அச்சான அட்டைகளோடு நகரத்தில் ஒரு பரிசுப்பொருள் கடைக்குப் போனேன். முதலாளி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"வாழ்த்தெண்டால் மங்களமா இருக்கவேணும், தங்கச்சி. பானை, கரும்பு, கோலம். இது மீன் மணக்குதெல்லோ."

"ஓம், மணக்கும். அந்த மீனை வித்த காசிலைதான் நான் படிச்சனான்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அன்றிரவே அட்டையைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். விடிந்ததும் கனடாவில் இருந்து அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"அம்மாவை ஏன் சந்தியிலை கொண்டுபோய் வைக்கிறாய்? இஞ்சை எங்கடை சம்பந்திமார் பாக்கினம். உடனை அழி!"

பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டது. தொலைபேசியை என் கையில் இருந்து வாங்கினார்.

"சம்பந்திமாருக்கும் ரெண்டு அனுப்பிவிடட்டே? சுருட்டு இல்லாட்டி அது நான் எண்டு உனக்கே தெரியாதடா."

அண்ணை வைத்துவிட்டார். நான் அழிக்கவில்லை.

பொங்கலுக்கு முந்திய சந்தையில், பானை விற்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டேன். "வெக்கமில்லையே?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். இல்லை என்றேன், அவருக்குக் கேட்கும்படி. வெகுநேரம் ஒருவரும் வாங்கவில்லை. பிறகு வேலைக்குப் போகிற சேலையோடு ஒரு பெண் வந்து நின்று, ஒரு அட்டையைக் கையில் எடுத்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ரை அம்மா ஒளிச்சுத்தான் பத்துவா" என்றார் மெதுவாக. "ஆரும் வந்தால் முந்தானைக்குள்ளை மறைப்பா. எத்தினை சீலை ஓட்டையாப் போச்சு!"

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு அனுப்பவென்று ஒவ்வொருவருக்கும் ஒன்று வாங்கினார். போகும்போது, "இதை ஆரும் மாத்தச் சொன்னால் மாத்தாதேங்கோ" என்றார்.

எல்லாம் விற்றுவிடவில்லை. மிஞ்சியவை அலுமாரிக்குள் இருக்கின்றன. அண்ணை அம்மாவோடு கதைக்கிறார், என்னோடு இல்லை. நான் அடுத்த படத்தைத் தொடங்கிவிட்டேன்: மீன் கடகப் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றமாட்டேன் என்ற கொண்டக்டரோடு பெரியம்மா இடுப்பில் கை வைத்துச் சண்டை பிடிக்கிறார். அதற்குக் கீழே 'இனிய புத்தாண்டு வாழ்த்துகள்' என்று அச்சடிக்கப் போகிறேன்.