சிக்காத சிப்

அந்த உடுப்பின் சிப் தானாகச் சிக்கவில்லை. நான்தான் சிக்க வைத்தேன்!

ஆறு குளிர்காலங்களாக இதை விழுங்கிக்கொண்டு திரிகிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் இன்று சொல்லத் துணிவு வந்திருக்கிறது... அதுவும் கோழைத்தனம்தானே?

ஒஸ்லோவின் ஓரத்தில், உறைந்த ஏரியொன்றின் மேல் எங்கள் தன்னார்வ மீட்புக் குழுவுக்குப் பயிற்சி. பனிக்கட்டியை அறுத்து ஒரு துவாரம் வெட்டியிருந்தார்கள். அதற்குள் முதலில் இறங்கி, மூழ்குபவனைப் போலக் கிடந்து, கயிற்றில் இழுபட்டு மேலேற வேண்டியவன் நான். கேட்டு வாங்கிய வேலை அது. தீவுப்பகுதியில் பிறந்தவன், கடலோடு வளர்ந்தவன் என்று குழு முழுவதற்கும் அளந்து வைத்திருந்தேனே! கரையில் என் மனைவி படம் பிடிக்கக் கைப்பேசியோடு நின்றாள்.

கிட்டப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். கறுப்பு. அடி தெரியாத கறுப்பு. ஓரடி பின்னால் வைத்தேன்.

பயமாக இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பயிற்சி என்பதே அதற்காகத்தானே? ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். நானோ கூடாரத்துக்குள் போய், நீர்புகா உடுப்பின் சிப்புக்குள் கம்பளிச் சட்டையின் ஓரத்தைத் திணித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பற்கள் பிசகியதும் கம்பளியை உருவி எடுத்துவிட்டேன்.

வெளியே வந்து, சிப் இறுகிவிட்டது என்றேன். அதோடு நிறுத்தினேனா? மெழுகு பூசாமல் விட்டிருக்கிறார்கள் போல, என்று ஒரு வாக்கியமும் சேர்த்தேன். யார் கேட்டார்கள் அதை? ஏன் சொன்னேன்!

உடுப்புகளுக்குப் பொறுப்பு ரெஜினா. மன்னாரிலிருந்து வந்தவள், என்னைத் தவிரக் குழுவில் இருந்த ஒரே தமிழ் ஆள். ஒவ்வொரு சிப்பும் இறுகாமல் வழுக்கி ஓடத் தன் கையால் மெழுகு தேய்ப்பவள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பூசினனான் அண்ணை," என்று என்னிடம் மட்டும் தமிழில் சொன்னாள். நான் குனிந்து பனியைப் பார்த்தேன்.

பொறுப்பை அவளிடமிருந்து எடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவளே குழுவை விட்டு விலகினாள். நானோ அடுத்த கிழமையே அந்தத் துவாரத்துக்குள் இறங்கிவிட்டேன். ஏழே நாளில் போகக்கூடிய பயம்... அதற்காகவா!

சென்ற மாதம் ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதி மரக்கறிக் கடையில் அவளைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றாள்.

"பூசினனான் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சனான். இப்ப எனக்கே சந்தேகமாக் கிடக்கு. நீங்கள் தண்ணிக்குள்ளை இறங்கினாப் பிறகு அது திறந்திருந்தால்... உங்கட உயிரெல்லோ அண்ணை!"

"விடு தங்கச்சி. மறதி ஆருக்குத்தான் வராது?"

"நீங்கள் நல்ல மனுசன்," என்றாள். கண் கலங்கியிருந்தது.

மன்னித்தேன்! நான்... அவளை!

இப்போது அந்தக் குழுவின் பயிற்றுநர் நான். புதியவர்களுக்கு என் முதல் பாடமே அந்த சிப்தான். ஒருவர் ஒருமுறை மெழுகு பூச மறந்துவிட்டார், என்று தொடங்குவேன். அவர்கள் பயந்துபோய்த் தங்கள் சிப்பை மூன்று தரம் சரிபார்ப்பார்கள். மறந்தவரின் பெயரை மட்டும் நான் சொல்வதில்லை. அதைக் குழுவில் எல்லாரும் என் பெருந்தன்மை என்கிறார்கள்.

இந்தச் சனிக்கிழமையும் புதியவர்கள் வருகிறார்கள். உங்களிடம் இவ்வளவும் சொன்ன பிறகும்... அப்படியேதான் தொடங்கப் போகிறேன்.