தாமலில் அசைபோடும் பசு

தாமலில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஊரில் என் நாட்டுப் பசுவுக்கு வெளிநாட்டுக் காளையின் சினை ஊசி போட்டிருக்கிறது. பிறக்கிற கன்று நம் வெயிலைத் தாங்குமா என்கிற கவலையில் தூக்கமே இல்லை. எதிரே புளியமரத்தடியில், முதுகில் ஈரச் சாக்கோடு, கறுப்பு வெள்ளைப் பசு ஒன்று உச்சிவெயிலிலும் அசைபோடுகிறது.

"இதுக்கு மூச்சு வாங்கலையாம்மா?" என்று மாட்டுக்காரம்மாவிடம் கேட்கிறேன்.

"முன்னாடி முழுச் சீமை மாடு வெச்சிருந்தோம்பா. நாக்கைத் தொங்கப் போட்டுக்கினே நின்னுது. இதுக்கு அப்பன்தான் சீமை, ஆத்தா நம்மூரு. தறியில நெய்யற சேலையாட்டம், ஊடை வெளிநாடு, பாவு நம்மளுது."

"என் பசுவுக்குப் பொறக்கப்போற கன்னும் அப்படித்தாம்மா!"

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிற?"

பஸ் வந்துவிடுகிறது. படியில் கால் வைத்தவன் திரும்பிக் கத்துகிறேன்: "சாக்கை எத்தனை தடவை நனைக்கணும்மா?"